சும்மா ஒரு சனி ஞாயிறு, காரைக்குடியில்

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் செய்யும் ஒரே உருப்படியான வேலை, அந்த வாரத்துக்கான மாத்திரைகளைக் கிழமை எழுதிய பிளாஸ்டிக் டப்பாவில் பிரித்து அடுக்குவது. வெள்ளை, ரோஸ், பாதியாக உடைத்த மஞ்சள். பேப்பர் படித்துக்கொண்டே செய்தால் தப்பாகிவிடும் என்று பேப்பரை மடித்து வைத்துவிட்டு, பூஜைக்கு உட்கார்ந்தவன் மாதிரி மூச்சடக்கிச் செய்வேன். போன மாதம் அப்படி வியாழக்கிழமைக் கட்டம் வரைக்கும் அடுக்கி வந்திருந்தபோது போன் அடித்தது. அண்ணாமலை.

“அடுத்த சனி ஞாயிறு வாரியா, இல்ல இதுக்கும் ஒரு சாக்கு வச்சிருக்கியா?”

அண்ணாமலை காரைக்குடியில் என்னோடு கல்லூரியில் படித்தவன். நான் இருக்கும் இதே சென்னையில் வெகுகாலம் இரும்புக்கடை வைத்திருந்தான். இப்போது கடைச்சாவியை மகன் கையில் கொடுத்துவிட்டுக் காரைக்குடிக்கே போய்ச் சேர்ந்துவிட்டான். போனதிலிருந்து என்னைக் கூப்பிடுகிறான். அவன் கூப்பிடக் கூப்பிட நானும் சளைக்காமல் சாக்குச் சொல்லி வருகிறேன். வெயில் என்றேன். மழை என்றேன். வெயிலும் மழையும் இல்லாத தை மாதத்தில் மாட்டிக்கொண்டு, ஊரே கல்யாணத்துக்குக் கிளம்பியிருக்கும், டிக்கெட் கிடைக்காது என்றேன்.

“என்ன விசேஷம்?” என்று கேட்டேன்.

“ஒரு விசேஷமும் இல்ல. சும்மா வா.”

செட்டிநாட்டுப் பக்கம் கொஞ்சமாவது புழங்கியவராக இருந்தால், இந்தச் ‘சும்மா’ எவ்வளவு விபரீதமான சொல் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே யாரும் சும்மா வருவதில்லை. காரைக்குடிக்குப் பக்கத்துக் கண்டனூரில் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் எல்லாம் கல்யாணத்துக்குத் திறக்கும், அறுபதாம் கல்யாணத்துக்குத் திறக்கும், துக்கத்துக்குத் திறக்கும். சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வேன் வேனாக வந்து இறங்குவார்கள். காரியம் முடிந்ததும் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கல்யாணமும் இல்லை, அறுபதும் இல்லை என்றால் மிச்சம் என்ன இருக்கிறது?

“உடம்புக்கு ஏதும் பண்ணுதாடா?”

“எனக்கென்ன? சர்க்கரை இருக்கு, அதுக்கு மாத்திரையும் இருக்கு. நீதான் மார்ல ஒரு கம்பிச்சுருளை வச்சுக்கிட்டு வெடிகுண்டு கட்டுனவன் மாதிரி நடக்கிறியாம்ல. உங்க வீட்டுல சொன்னாக.”

வீட்டில் சொன்னது என் மனைவி. காட்டிக்கொடுப்பதற்கென்றே அவள் அண்ணாமலையின் நம்பரைத் தனியாகச் சேமித்து வைத்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆபீஸ் மாடிப்படியில் ஒரு நாள் உட்கார்ந்தவனைத் தூக்கிக்கொண்டு போய் இதயத்தில் ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். என் மகள் வயதில் ஒரு டாக்டர். “நடங்க, பயணம் போங்க, பயப்படாம இருங்க” என்றார். முதல் இரண்டுக்கும் கால் இருக்கிறது. மூன்றாவதற்கு மாத்திரை எழுதித் தர அவர் மறந்துவிட்டார். நான் வேறு ஆயுள் காப்பீட்டு ஆபீஸில் வேலை பார்க்கிறவன். ஊரார் எந்த வயதில் போவார்கள் என்று கணக்குப் பார்த்துக் காலம் தள்ளியவன். அந்தக் கணக்கில் நானும் ஒரு வரி என்று தெரிந்ததும் ஆடிப்போய்விட்டேன். அதற்கப்புறம் தெருமுனை மருந்துக்கடையைத் தாண்டி நான் தனியாகப் போனதில்லை. ஏப்பம் வந்தால் மாரைப் பிடிப்பேன். மார் சும்மா இருந்தால், ஏன் சும்மா இருக்கிறது என்று யோசிப்பேன். தூக்கத்தில் முழிப்பு வந்தால் மனைவியின் கையை எடுத்து என் நெஞ்சில் வைத்து, “ஓடுதா பாரு” என்பேன். அவளும் பார்த்து, “ஓடுது, தூங்குங்க” என்பாள்.

அண்ணாமலையின் போனை வைத்ததும் அவளிடம் போய் நின்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“டாக்டர் போகச் சொல்லிட்டாங்க. அண்ணாமலை அண்ணன் வரச் சொல்லிட்டாரு. நான் அனுப்பத் தயாரா இருக்கேன். மாட்டேங்கிற ஒரே ஆளு நீங்கதான்” என்றாள், நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே.

“நீயும் வந்தா…”

“நான் வரல. நான் கூட வந்தா, ஆம்புலன்ஸைக் கூட்டிக்கிட்டுப் போற மாதிரி என்னைக் கூட்டிக்கிட்டுப் போவீங்க.”

“தனியா எப்படி?”

“தனியாத்தான். போகலேன்னா வீட்டுல இருங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா இனிமே கையை எடுத்து நெஞ்சுல வைக்கிற வேலை வேண்டாம். திருச்சிக்கு எங்க அக்கா வீட்டுக்கு நான் கடைசியா எப்பப் போனேன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லாத கோபத்தில், “போறேன்” என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அந்த வீரம் ஒரு டம்ளர் காப்பி ஆறுகிற வரைக்கும் தாங்கியது.

காப்பி ஆறியதும் திட்டம் போட உட்கார்ந்தேன். ஊருக்குப் போகிறவர்கள் வரைபடத்தில் கோயில் தேடுவார்கள், ஓட்டல் தேடுவார்கள். நான் ‘ஆஸ்பத்திரி’ என்று தட்டினேன். காரைக்குடி மேல் வேர்க்குரு மாதிரி சிவப்புப் புள்ளிகள் பொரிந்தன. இத்தனை புள்ளி உள்ள ஊருக்குத் தைரியமாகப் போகலாம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு, ஒவ்வொரு புள்ளியாக அண்ணாமலை வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். அப்புறம்தான், வழி தவறிப் போய், ‘காரைக்குடியில் இரண்டு நாள்’ என்று யாரோ எழுதி வைத்திருந்ததைப் படித்துத் தொலைத்தேன். அரண்மனை போன்ற வீடுகள், ஆத்தங்குடிக் கல், கண்டாங்கிச் சேலை, வாழையிலைச் சாப்பாடு, பழைய சாமான் கடை. கடைசியில் ஒரு வரி: ‘காலம் உறைந்துபோன அமைதியான சிற்றூர்.’

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டாக்டர் இருந்திருந்தால் உடனே படுக்கச் சொல்லியிருப்பார். அமைதியாம். காலை எட்டரை மணிக்குக் கல்லூரிச் சாலையில் நின்று பார்த்திருக்க வேண்டும் அந்த மனிதர். சைக்கிள் மணிச் சத்தத்தில் பஸ் ஹாரன் கேட்காது. எஞ்சினியரிங் பையன்கள் ஒரு பக்கம், கலைக்கல்லூரிக் கூட்டம் ஒரு பக்கம், நடுவில் சாக்கோட்டையிலிருந்து காய்கறி ஏற்றி வந்த மாட்டுவண்டி, எங்குட்டும் போக முடியாமல். அந்த ஊரில் எதுவும் உறையவில்லை. தயிர்கூட உறையாது, உறைவதற்கு முன்னால் ஹாஸ்டலில் யாராவது குடித்திருப்பார்கள்.

பரமக்குடியிலிருந்து டிரங்குப் பெட்டியோடு நான் அங்கே போய் இறங்கிய முதல் நாளே எனக்கு உயிர்பயம் வந்துவிட்டது. இன்றைக்கு நேற்று வந்த வியாதி இல்லை இது. ஹாஸ்டலில் இடம் கிடைக்கும்வரை வெளியில் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு. கோழிக்குழம்பு ஊற்றினார்கள். இரண்டாவது கவளத்தில் காது அடைத்து, கண்ணில் நீர் முட்டி, உலகம் தூரமாகப் போய்விட்டது. மூச்சு வாங்குகிறது என்று எழுந்துவிட்டேன். கல்லாவில் இருந்த மெஸ்காரர் பனியனோடு நிதானமாக எழுந்து வந்தார்.

“என்ன தம்பி, எந்திருச்சிட்டீக?”

“நெஞ்சு எரியுதுங்க. என்னமோ ஆகப்போவுது.”

“ஆகுறது ஆகட்டும். சோறு பாதியில கெடக்கு பாருங்க. உக்காந்து மோரை ஊத்திச் சாப்பிட்டுட்டு, அப்புறமா ஆகுங்க.”

உட்கார்ந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளிலிருந்து குழம்பு பத்தவில்லை என்று சண்டை போட ஆரம்பித்தேன். யோசித்துப் பார்த்தால், டாக்டர் மறந்த அந்த மூன்றாவது மாத்திரையை அந்த ஆள் பனியனோடு வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இப்படியே போனால் திட்டம் எங்கே உருப்படும்? துணி எடுத்து வைப்போம் என்று பரணிலிருந்து பழைய ரெக்ஸின் பையை இறக்கினேன். ஜிப்பைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை. மற்றவர்களுக்கு அந்துருண்டை என்றால் பீரோ. எனக்குக் கல்யாண விருந்து.

செட்டிநாட்டு நகரத்தார் வீடு வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்துவிட்டுக் கல்யாணத்துக்குத் திறக்கும்போது, பெட்டகங்களில் இருந்த ஜமக்காளங்களும் ரத்தினக் கம்பளங்களும் வெளியே வந்து, வளவு என்று அவர்கள் சொல்கிற தூண் நிறைந்த நடுக்கூடத்தில் விரியும். சந்தனம், மல்லிகை, நெய் எல்லாவற்றையும் மீறிக்கொண்டு அந்துருண்டை வாசனை தெரு வரைக்கும் வரும். ஹாஸ்டல் பையன்களுக்கு அதுதான் அழைப்பிதழ். முகூர்த்த நாட்களில் துவைத்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வாடகை சைக்கிளில் கண்டனூருக்கு மிதிப்போம். மாப்பிள்ளை வீட்டார் நம்மைப் பெண் வீடு என்று நினைப்பார்கள், பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு என்று நினைப்பார்கள், நடுவில் நாம் சாப்பிட்டுவிடலாம் என்பது சீனியர்களின் சூத்திரம். வாசலில் நிற்பவரின் ஒரே ஒரு கேள்வியைத் தாண்ட வேண்டும்: எந்தக் கோயில்?

நகரத்தாரில் ஒன்பது கோயில் பிரிவுகள். ஒரே கோயிலைச் சேர்ந்தவர்கள் அண்ணன் தம்பி முறை, பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. சீனியர் ஒன்பது பெயரையும் மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தான். வாசலில் பட்டுவேட்டிக்காரர் கைகூப்பி வரவேற்றதும் எட்டு பெயர் மறந்துவிட்டது.

“வாங்க தம்பி. எந்தக் கோயிலு நீங்க?”

“பிள்ளையார்பட்டி” என்றேன். பரீட்சைக்கு முன்னால் தேங்காய் உடைக்கப் போன பழக்கத்தில் அது ஒன்றுதான் நாக்கில் இருந்தது.

அவர் முகம் தேவைக்கு அதிகமாக மலர்ந்தது. “அப்படியா, நாங்களும் பிள்ளையார்பட்டிதான். அட, நம்ம பங்காளி. ஏப்பா அண்ணாமலை, இங்குட்டு வா, பங்காளி வந்திருக்காக.”

வந்தவன் என் கல்லூரி. கேன்டீனில் என்னைத் தினமும் பார்க்கிறவன். எனக்கும் பிள்ளையார்பட்டிக்கும் உள்ள சம்பந்தம் ஒரு தேங்காய்தான் என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும். காலில் வேர் விட்டவன் மாதிரி நின்றேன். அவன் சிரிக்கக்கூட இல்லை. என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு தகப்பனாரிடம் கேட்டான்.

“அப்பச்சி, பங்காளின்னா பந்தி விசாரிக்கணும்ல?”

“பின்ன? வந்தவுக சாப்பிட்டப்புறம்தான நாம.”

அவ்வளவுதான். விருந்தாளியாக நுழைந்தவன் வீட்டுக்காரன் ஆகிவிட்டேன். இலை இலையாகப் போய், “கூச்சப்படாமச் சாப்பிடுங்க, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லவா” என்று கேட்கிற வேலை. கவுனி அரிசி, வெண்டைக்காய் மண்டி, பால் பணியாரம் எல்லாம் என் மூக்குக்குக் கீழே பரிமாறப்படுகிறது. நான் எச்சிலை விழுங்கிக்கொண்டு ஊரை உபசரிக்கிறேன். பக்கத்தில் அண்ணாமலை, “ஓடுன, சைக்கிள் சாவி என்கிட்ட இருக்கு” என்று காதில் சொல்கிறான். எப்போது எடுத்தான் என்று இன்றுவரை தெரியாது.

மூன்றாவது வரிசையில் ஒரு ஆச்சி. ஆச்சி என்றதும் கிழவி என்று நினைக்க வேண்டாம். மரியாதைக்குச் சொல்வது, என் அம்மா வயதுதான் இருக்கும். என்னை நிமிர்ந்து பார்த்து, “நீ யாரு வீட்டுப் புள்ளப்பா?” என்றார்.

அண்ணாமலை முந்திக்கொண்டான். “நம்ம மலேசியாக்காரக வீட்டுப் புள்ள, ஆச்சி.”

“அப்படியா. உங்க ஆத்தா நல்லா இருக்காளா?”

“நல்லா இருக்காக ஆச்சி. உங்களை ரொம்ப விசாரிச்சாக” என்றேன். நாமாக ஏதாவது சேர்த்துச் சொன்னால்தான் நம்புவார்கள் என்று ஒரு நினைப்பு.

ஆச்சி பிசைந்த சோற்றோடு கையை நிறுத்தினார். “அவ போயிச் சேந்து ரெண்டு வருசமாச்சே. எங்குட்டு இருந்துப்பா என்னைய விசாரிச்சா?”

வரிசையே நிமிர்ந்தது. இன்றைய ஸ்டென்டுக்கு அன்றைக்கே அஸ்திவாரம் போட்டிருப்பார்கள் என்று என் டாக்டரிடம் சொல்ல வேண்டும். ஆச்சி இலைமேல் குனிந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டு, “புள்ள பசியில வெளுத்துப் போயி நிக்கிது. அண்ணாமலை, அவனப் படுத்துனது போதும், இலையப் போடு” என்றார்.

அவனும் நானும் கடைசிப் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

“ஏன்டா பிள்ளையார்பட்டின்னு சொன்ன? மாத்தூருன்னு சொல்லியிருந்தா சம்பந்தி வழி ஆளுன்னு நெனச்சு முதப் பந்தியில உக்கார வச்சிருப்போம்ல.”

“மறந்துருச்சுடா.”

“நல்லதாப் போச்சு. எங்களுக்கு ஆளு பத்தல.”

அதற்கப்புறம் படித்து முடிக்கிறவரை அந்த வீட்டில் நடந்த எந்த விசேஷத்துக்கும் எனக்குத் தனியாக அழைப்பு வைக்கவில்லை. பந்தி விசாரிப்பு யார் என்று கேட்டால் என் பெயரைச் சொல்வார்கள். ஒவ்வொரு தடவையும் யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். பயத்தோடுதான் உபசரித்தேன். ஒரு பந்திகூட நின்றுபோகவில்லை.

பயணத்துக்கு முந்தின நாள் அண்ணாமலை மறுபடி கூப்பிட்டான். என்னிடம் ஒரு புதுச் சாக்கு தயாராக இருந்தது, ஆபீஸில் தணிக்கை. சொல்வதற்குள் அவன், “தணிக்கைன்னு சொல்லப் போற” என்றான். அது சாக்கு இல்லை, நிஜமாகவே தணிக்கை இருந்தது. ஆனாலும் மானம் போய்விட்டது. டிக்கெட்டின் படத்தை அவனுக்கு அனுப்பி, “கீழ் பெர்த்” என்றும் சேர்த்து எழுதினேன். ராத்திரிக்குள் போய்ச் சேர்ந்துவிடும் ரயிலில் பெர்த் எதற்கு என்று அவன் கேட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம். பை தயார். மாத்திரை டப்பா, இதய வரைபடத்தின் நகல், நாக்குக்கடியில் வைக்கிற அவசர மாத்திரை சட்டைப்பையில் ஒன்று, பேண்ட் பையில் ஒன்று, பையில் ஒன்று. ஆட்டோவுக்குச் சொல்லியாகிவிட்டது. மனைவி என்னை ஒருமாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நானும் வரட்டா?” என்றாள்.

வாரம் முழுக்க நான் காத்துக்கொண்டிருந்த கேள்வி. ‘சரி’ என்று ஒரு வார்த்தை, தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவளைத் தாண்டிப் பார்த்தேன். கட்டில்மேல் இன்னொரு பை, பாதி அடுக்கியபடி. அவள் அக்காவுக்குப் பிடித்த முறுக்கு டப்பா ஒன்று. மேலே இஸ்திரி போட்ட இரண்டு சேலை. பச்சைச் சேலையை அவள் கட்டியே எவ்வளவு நாளாகிவிட்டது. நான் சரி என்றால் அந்தப் பை பரணுக்குத்தான் போகும்.

“நீ நாளைக்குத் திருச்சிக்குப் போ” என்றேன். “உங்க அக்கா காத்துக்கிட்டு இருப்பா.”

“நிஜமாவா?”

“சீக்கிரம் சொல்லு, ஆட்டோக்காரன் வந்துட்டான். இன்னொரு தடவை கேட்டா எனக்கே தெரியாது.”

அவள் கேட்கவில்லை. கெட்டிக்காரி.

ரயில் செங்கல்பட்டு ஏரியைத் தாண்டியது. ஏரியில் வெயில். பக்கத்தில் ஒரு பையன் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டான். எனக்கு ஏதாவது ஆனால் இவனை எப்படி எழுப்புவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அப்புறம் அந்த யோசனையின் மேலேயே கோபம் வந்து, அண்ணாமலைக்குப் போன் போட்டேன். இரண்டு நாளைக்கு என்னென்ன செய்யவேண்டும் என்று என் திட்டத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். காலையில் அந்த மெஸ்.

“மெஸ் இல்ல. அந்த எடத்துல செல்போன் கடை.”

“சரி, சாயங்காலம் நம்ம சினிமாக் கொட்டகை.”

“இடிச்சு மண்டபமாக்கிட்டாக.”

“வாடகை சைக்கிள் கடை?”

“சைக்கிளே இல்ல, அதுல வாடகை எங்குட்டு?”

“ஆஸ்பத்திரி எல்லாம் இருக்குல்ல?”

“அது ஏகப்பட்டது இருக்கு. உன் நல்ல நேரம்.”

“போகுது விடு. ஞாயித்துக்கிழமை கண்டனூர் வீட்டைத் திறந்து வை. பகல் முழுக்க அங்கதான் இருக்கணும்.”



“எந்த வீட்டை?” என்றான். “வீடு முகப்பு மட்டும்தான் நிக்கிது. பங்காளிக ஒத்து வரல. தூணு, கதவு, உத்தரம் எல்லாத்தையும் கழட்டி வித்தாச்சு. போன மாசம்தான் கடைசி லாரி வந்துச்சு. கூரை போயிருச்சு. வளவுல தூணு நின்ன எடமெல்லாம் குழியாக் கெடக்கு. ஒரு தடவை போயி எட்டிப் பாத்துட்டு வந்துட்டேன். தனியா உள்ள போகல.”

கடையை மகனிடம் விட்டுவிட்டு ஊருக்குப் போனவன், மாதக்கணக்காக என்னைச் சும்மா வா, சும்மா வா என்று கூப்பிட்டவன், இதை ஒரு தடவைகூட வாயைத் திறந்து சொல்லவில்லை. நானும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெயில் மழை என்று பஞ்சாங்கம் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

“ஏன்டா முன்னாடியே சொல்லல?”

“சொன்னா அதையும் ஒரு சாக்கா வச்சிருப்ப.”

அவன் சொன்னதும் சரிதான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அத்தனை பந்தி நடந்த பின்கட்டு, ஆச்சி சிரித்த இடம், கம்பளம் விரித்த வளவு எல்லாம் லாரி ஏறிப் போயிருக்கின்றன. எந்த ஊர் ஓட்டல் வாசலில் அந்தத் தூண்கள் நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கு அமைதியைக் காட்டிக்கொண்டிருக்கின்றனவோ.

“ரெண்டு நாற்காலி எடுத்து வை” என்றேன்.

“எதுக்கு?”

“கூரை இல்லேன்னா வானம் தெரியும்ல. அந்த வளவுலயே போட்டு உக்காருவோம். என்னை யாரு வேண்டாங்கிறது?”

“செவரு ஆட்டங் கண்டு நிக்கிதுடா. உனக்குப் பயமா இருக்காதா?”

“இருக்கும்” என்றேன். “இருந்துட்டுப் போகுது.”